கொச்சிக்காய்க்குப் பெயர் வைக்குமுன் பூவைப் பாருங்கள்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வளவில் நாலு கொச்சிக்காய்க் கன்றாவது வைத்திருப்பவர்கள், கன்று விற்பவர்கள், முகநூலில் படம் பார்த்து விதை வாங்குபவர்கள் கட்டாயம் வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் வாசியுங்கள்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா, வீட்டு வளவில் சின்னதாக நாற்றுமேடை வைத்துக் கன்று விற்கிறார். கணவர் இல்லாத வீடு. அந்த வருமானத்தில்தான் கொப்பி, செருப்பு, ரியூஷன் காசு எல்லாம். முகநூலில் ஒருவரிடம் ‘வெளிநாட்டு நை மிரிஸ்’ என்று ஒரு பைக்கற் விதை வாங்கி, அதில் முளைத்த ஒரு கன்றை வளர்த்துக் காய்க்க வைத்திருந்தார். காய் மடிப்பு மடிப்பாக, குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, “சேர், இது நை மிரிஸ்தானே?” என்று கேட்டிருந்தார். நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பார்வைதான் பார்த்தேன். “ஓம் ராத்தா, நை மிரிஸில ஒரு வகைதான்” என்று எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அவர் அந்தக் காயின் விதையைப் போட்டு நாற்பது கன்று ஆக்கினார். ஐஸ்பழக் குச்சியில் ‘நை மிரிஸ்’ என்று எழுதிச் செருகினார். வீட்டில் கொச்சிக்காய்ப் பேஸ்ட் போட்டுப் போத்தலில் விற்கும் ஒருவர் வந்து, நை மிரிஸ் வாசத்துக்காகவே நாற்பதையும் வாங்கிப் போனார். கன்று ஒன்று 150 ரூபா. “நிச்சயமா நை மிரிஸ்தானா?” என்று அவர் கேட்டபோது ராத்தா சொன்ன பதில்: “சேரே பார்த்துச் சொன்னவர்.”

ஐந்து மாதம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார். காய் நிறையத்தான் காய்த்திருக்கிறது. ஆனால் உறைப்பும் இல்லை, நை மிரிஸின் வாசமும் இல்லை. ராத்தா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் 6000 ரூபாவையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். எனக்கு விசயம் தெரிய வந்தது அதற்கும் ஒரு கிழமைக்குப் பிறகு, பிள்ளை சொல்லித்தான்.

அன்று பின்னேரமே போனேன். செடி என் நெஞ்சளவு வளர்ந்து நின்றது. காயைப் பார்க்காமல் இந்த முறை பூவைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பூ. ஒவ்வொரு இதழின் அடியிலும் மஞ்சளும் பச்சையும் கலந்த இரண்டு புள்ளிகள். எனக்கு அந்த இடத்திலேயே முகம் சுட்டது. அந்தப் புள்ளி நை மிரிஸில் வரவே வராது. அது ‘பிஷப்ஸ் கிரவுன்’ என்று உலகில் விற்கும் வர்க்கம். நை மிரிஸ் வேறு இனம், இது வேறு இனம். அந்தக் காயின் செட்டைப் பகுதி இனிப்பாகவே இருக்கும், விதைக்குப் பக்கத்தில்தான் கொஞ்சம் உறைக்கும். பூவைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று அன்றைக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால், இவ்வளவும் நடந்திருக்காது.

பாதிக் காசையாவது நான் தருகிறேன் என்றேன். “நீங்க வேணுமெண்டா சொன்னீங்க சேர்?” என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேண்டுமென்று சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் பார்க்காமல் சொன்னேன் என்பதும் உண்மை. அதனால்தான் இந்தப் பதிவு.

*

நம்மூரில் குழப்பம் பெயரிலிருந்தே தொடங்குகிறது.

நாம் கிழக்கில் எல்லாவற்றையும் ‘கொச்சிக்காய்’ என்கிறோம். பச்சைக் கொச்சிக்காய், செத்தல் கொச்சிக்காய், கொச்சிக்காய்த் தூள். யாழ்ப்பாணத்துக்குப் போனால் அதே சாமான் ‘மிளகாய்’. சிங்களத்தில் அதே சாமான் ‘மிரிஸ்’. ஆனால் சிங்களத்தில் ‘கொச்சி’ என்று கேட்டால், மேல் நோக்கிக் காய்க்கும் சின்னஞ்சிறிய, கண்ணீர் வர வைக்கும் அந்தக் காயைத்தான் தருவார்கள். கண்டிப் பக்கம் நான் படிப்பித்த காலத்தில் கடையில் “கொச்சிக்காய் கால் கிலோ” என்று கேட்டு, கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. கால் கிலோ கொச்சியை வைத்து ஒரு கலியாண வீட்டுக்கே சம்பல் இடிக்கலாம்.

கொச்சித் துறைமுகம் வழியாக வந்ததால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். எந்த வழியாக வந்தாலும், இதன் பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492 இல் அங்கே போய் இறங்குவதற்கு முன் நம் பக்கத்தில் யாரும் இதைக் கண்டதில்லை. அதுவரை நம் முன்னோரின் ஆணத்துக்கு உறைப்புக் கொடுத்தது மிளகு. போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்கிய புதுக் காய், சில தலைமுறைக்குள் நம் சட்டியையே பிடித்துக்கொண்டது.

தரம் 10, 11 பிள்ளைகளுக்கு இருசொற் பெயரீடு படிப்பிக்கிறோம். பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிடுகிறார்கள். அதன் பயன் என்ன என்று கேட்டால் இந்தக் கொச்சிக்காய்தான் பதில். ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கும். அதைத் தீர்க்கத்தான் உலகம் முழுக்க ஒரே பெயர்.

நாம் உண்ணும் கொச்சிக்காய் எல்லாமே ‘கப்சிகம்’ என்ற சாதிக்குள் வருபவை. அந்தச் சாதியில் மனிதன் பயிராக்கியவை ஐந்து இனங்கள். ஒவ்வொரு இனத்துக்குள்ளும் நூற்றுக்கணக்கான வர்க்கங்கள். காயின் வடிவம், நிறம், அளவு எல்லாம் ஒரே இனத்துக்குள்ளேயே தலைகீழாக மாறும். கறிமிளகாயும், பீட்சாவில் போடும் பெரிய சதைக் காயும், நம் பச்சைக் கொச்சிக்காயும், செத்தலும் ஒரே இனம் என்றால் நம்புவீர்களா? அதுதான் உண்மை. அதனால்தான் காயை மட்டும் பார்த்து இனம் சொன்னால் என்னைப் போல மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பூ அவ்வளவு சுலபமாக மாறாது.

ஆகவே கையில் செடி இருந்தால் காலையில் பூ விரிந்த பிறகு இப்படிப் பாருங்கள்.

1. கப்சிகம் அன்னூம். பெரும்பாலும் ஒரு கணுவில் ஒரு பூ. தெளிவான வெள்ளை இதழ், புள்ளி இல்லை. நடுவில் மகரந்தக்கூடு நீலம் கலந்த ஊதா. நம் பச்சைக் கொச்சிக்காய், செத்தல், கறிமிளகாய் எல்லாம் இதுதான். மஹாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எம்.ஐ. 2 போன்ற வர்க்கங்களும் இதற்குள்தான். அழகுக்கு வளர்க்கும் ஊதாக் காய்ச் செடிகளில் பெரும்பாலானவையும் இதுவே. சிலவற்றில் பூவும் ஊதாவாக இருக்கும்.

2. கப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ். சிங்களவர் சொல்லும் கொச்சி. பூ பச்சை கலந்த வெளிறிய நிறம். பூக்காம்பு நிமிர்ந்து நிற்கும், பூ மட்டும் தலை குனிந்திருக்கும். காய் வானத்தைப் பார்க்கும். பழுத்த காயை இழுத்தால் காம்பையும் தொப்பியையும் செடியிலேயே விட்டுவிட்டுக் கையோடு வந்துவிடும்.

3. கப்சிகம் சைனென்ஸ். நம் நாட்டு நை மிரிஸ் இதுதான். ஒரு கணுவில் இரண்டு, மூன்று, சிலவேளை அதற்கு மேலும் பூ. அதுவும் வெளிறிய பச்சை வெள்ளை. இலை அகலம், சுருக்கம் சுருக்கமாக இருக்கும். நிச்சயப்படுத்த ஒரு அடையாளம்: முற்றிய காயில் காம்பும் புல்லியும் சேரும் இடத்தைப் பாருங்கள். மோதிரம் போட்டு இறுக்கினது போல ஒரு வளையம் தெரியும். பிறகு அந்த வாசம். அதை எழுத்தில் சொல்ல முடியாது, நை மிரிஸ் போட்ட கிழங்கு ஆணம் தின்றவர்களுக்கு விளங்கும்.

4. கப்சிகம் பக்காட்டம். இதழடியில் மஞ்சள் அல்லது பச்சைப் புள்ளி. மகரந்தக்கூடு வெளிறிய மஞ்சள். தென் அமெரிக்காவில் நிறைய உண்பார்கள். என்னை மாட்டிவிட்டது இந்த ஆள்தான்.

5. கப்சிகம் பியூபெசென்ஸ். ஊதாப் பூ, மயிர் அடர்ந்த இலை, கறுப்பு விதை. மற்ற நான்குக்கும் விதை வைக்கோல் நிறம். விதை கறுப்பு என்றால் இது ஒன்றுதான். அந்தீஸ் மலைக் குளிரில் வளர்வது. நம் கரையோர வெயிலில் இதைக் காய்க்க வைக்கிறேன் என்று யாராவது விதை விற்றால், காசை மிச்சம் பிடியுங்கள்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். காய் மேல் நோக்கி நின்றால் கொச்சி என்று நினைப்பது பொதுவான பிழை. மேல் நோக்கிக் காய்க்கும் அன்னூம் வர்க்கங்கள் ஏராளம். பூ, கணு, காம்பு, விதை நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கலப்புச் செடி என்றால் இரண்டு இனத்தின் அடையாளமும் கலந்து நிற்கும். அப்படியானால் ‘கலப்பு’ என்றே சொல்லுங்கள்.

பெயர் வைப்பதில் பெரியவர்களும் பிழைத்திருக்கிறார்கள். சைனென்ஸ் என்றால் ‘சீனத்தது’ என்று பொருள். 18 ஆம் நூற்றாண்டில் ஜக்கின் என்ற தாவரவியலாளர் இது சீனாவிலிருந்து வந்தது என்று நினைத்து அப்படிப் பெயர் வைத்துவிட்டார். சீனாவுக்கும் அதன் பிறப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதுவும் தென் அமெரிக்காவில் பிறந்ததுதான். விதிப்படி முதலில் வைத்த பெயரை மாற்ற முடியாது என்பதால் இன்றைக்கும் அந்தப் பிழை நிற்கிறது. அன்னூம் என்றால் ‘ஓராண்டுக்குரியது’. ஐரோப்பாவின் பனியில் செடி ஒரு வருடத்தில் செத்துவிடும். நம் வளவில் கவனித்தால் அதற்கு மேலும் நிற்கும். பிழையான பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டால் 250 வருடமானாலும் போகாது. ஐஸ்பழக் குச்சியில் எழுதினாலும் இதே கதிதான்.

*

இனி நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் இரண்டு கதைகள்.

“கறிமிளகாய்க்குப் பக்கத்தில கொச்சியை நட்டா கறிமிளகாயும் உறைக்கும்.” அந்தப் போகத்துக் காயில் அப்படி நடக்காது. நீங்கள் உண்ணும் சதை முழுவதும் தாய்ச் செடியுடையது. பூச்சி வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்தாலும் மாற்றம் உள்ளே இருக்கும் விதைக்குத்தான். அந்த விதையை அடுத்த போகத்துக்குப் போட்டால்தான் உறைக்கும் கறிமிளகாய் முளைக்கும். ஆக, கலப்பு நடந்த அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் தெரியும். விதை எடுத்து விற்பவர்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான். தாய்ச் செடி அசல் நை மிரிஸாக இருந்தாலும், பக்கத்தில் கொச்சி நின்றால் விதை அசலாக இருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. இந்த இரண்டு இனமும் ஒன்றோடொன்று இலகுவாகக் கலக்கக் கூடியவை.

“உறைப்பு விதையிலதான்.” இல்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் கப்சைசின் உண்டாகிறது. விதை அதில் உரசி உறைப்பை வாங்கிக்கொள்கிறது. உறைப்பைக் குறைக்க வேண்டுமானால் வெள்ளைச் சதையைச் சுரண்டி எறியுங்கள்.

அசல் விதை எடுக்க வழி இருக்கிறது, செலவே இல்லை. கலியாண வீட்டில் பேரீச்சம்பழமும் டொஃபியும் போட்டுத் தரும் சின்ன வலைப் பையை எறியாமல் வையுங்கள். பூ விரியுமுன் மொட்டோடு கிளை நுனியை அந்தப் பைக்குள் விட்டு மெதுவாகக் கட்டுங்கள். பூ விரிந்தபின் காலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அதன் மகரந்தமே அதில் விழும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு, அந்தக் காய்க்கு ஒரு நிற நூல் கட்டுங்கள். நன்றாகப் பழுத்தபின் விதை எடுத்து நிழலில் உலர்த்தி, கடதாசியில் சுற்றிப் போத்தலில் போட்டு, பெயரும் திகதியும் எழுதி வையுங்கள்.

கடையில் வாங்கும் கலப்பின வர்க்கங்களின் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. அது யாருடைய ஏமாற்றும் அல்ல, கலப்பினத்தின் குணமே அதுதான். அதை மட்டும் தெரிந்துகொண்டு நடுங்கள்.

நை மிரிஸும் கொச்சியும் முளைக்கப் பொறுமை வேண்டும். பச்சைக் கொச்சிக்காய் பத்து நாளுக்குள் தலை காட்டிவிடும். இவை இரண்டு மூன்று கிழமை எடுக்கும், சிலவேளை நாலு கிழமையும் ஆகும். “விதை செத்துப்போச்சு” என்று தட்டைக் கவிழ்த்துக் கொட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். நம் மணல் தரைக்கு மக்கிய சாணமும் இலைகுழையும் நிறையப் போட வேண்டும். உச்சி வெயிலுக்குத் தென்னை நிழலோ முருங்கை நிழலோ கொஞ்சம் விழுகிற இடம் நை மிரிஸுக்கு நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. இலை சுருண்டால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல் இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள்; பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் அங்கேதான் இருக்கும். எது என்று விளங்காவிட்டால் ஒரு இலையைப் பையில் போட்டு விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். செடி நிலைத்துவிட்டால் இரண்டு மூன்று வருடம் காய் தரும்.

*

இப்போது நான் சொல்ல வந்த அபிப்பிராயம்.

முகநூலில் விதை விற்பனை ஒரு சந்தையாகிவிட்டது. ‘உலகின் அதிக உறைப்புக் கொச்சிக்காய்’, ‘கடல் நீலக் கொச்சிக்காய்’, ‘ஏழு நிறக் கொச்சிக்காய்’. பத்து விதைக்கு ஆயிரக்கணக்கில் காசு. கடல் நீலத்தில் கொச்சிக்காய் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஊதாக் காய் உண்மையில் உண்டு, ஆனால் அதிலும் பெரும்பாலானவை பழுத்தால் சிவப்பாகிவிடும். ‘கரோலினா ரீப்பர்’ 2013 இல் கின்னஸில் ஏறியது. அதை 2023 இல் ‘பெப்பர் எக்ஸ்’ 26 இலட்சத்து 93 ஆயிரம் ஸ்கோவில் அலகோடு முந்தியது. அந்தப் பெப்பர் எக்ஸை உருவாக்கியவர் அதன் விதையையும் காயையும் வெளியே விடாமல் வைத்திருப்பதாக அந்த அறிவிப்பின்போதே சொன்னார். ஆனால் அதன் பெயர் போட்ட பைக்கற் மட்டும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது! யோசித்துப் பாருங்கள்.

அதோடு இன்னொரு விசயம். வெளிநாட்டிலிருந்து தபாலில் விதை எடுப்பது ஏதோ உடுப்பு எடுப்பது போல அல்ல. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் விதை வரக் கூடாது என்பதற்குக் காரணம், விதையோடு நோயும் வரும் என்பதுதான். 2015 இல் ஜோர்தானில் தக்காளியில் கண்ட ஒரு வைரஸ் விதை மூலமும் பரவக் கூடியது, அது கொச்சிக்காய்ச் செடியையும் தாக்கும். சில வருடத்துக்குள் பல நாடுகளுக்குப் போய்விட்டது. நம் ஒருவருடைய ஆசைக்காகக் கற்பிட்டியிலும் அநுராதபுரத்திலும் கொச்சிக்காயை நம்பிக் கடன் எடுத்திருக்கும் விவசாயியின் வயிற்றில் அடிக்க நமக்கு உரிமை இல்லை.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிக உறைப்புக் காயைத் தின்று காட்டும் பந்தயம் நம் பிள்ளைகளின் தொலைபேசியிலும் ஓடுகிறது. 2023 செப்டெம்பரில் அமெரிக்காவில் 14 வயது மாணவன் ஒருவன் இப்படியான பந்தயச் சிற்றுண்டியைத் தின்று இறந்தான். கப்சைசின் மிக அதிகமாக இருந்த உணவைத் தின்றபின் இதயம் நின்றதாகவும், அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருந்ததாகவும் பரிசோதனை அறிக்கை சொன்னது. எந்தப் பிள்ளைக்கு என்ன குறை இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? என்ன இனம், எவ்வளவு உறைப்பு என்று தெரியாத காயைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

“பெயர் என்னவா இருந்தா என்ன சேர், காய்ச்சா சரிதானே?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு செடி வைத்து வீட்டுச் சம்பலுக்குப் பறிப்பவருக்கு அது சரிதான். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காசு வாங்கும் அந்த நிமிடத்திலிருந்து பெயரும் சரக்கின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நாற்பது கன்று வாங்கியவர் இலைக்கும் தண்டுக்குமாகக் காசு கொடுக்கவில்லை, ‘நை மிரிஸ்’ என்ற அந்தச் சொல்லுக்குத்தான் கொடுத்தார். அளவையில் குறைப்பவர்களைப் பற்றி நமக்கு ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு விற்றவரைக் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருப்போம். ஈரத்தை மேலே தெரிய வைத்திருக்கலாமே என்பதுதான் அங்கே பாடம். தெரியாத விதையை, ‘தெரியாத விதை’ என்று எழுதி விற்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

விற்பவரை மட்டும் சொல்லி நான் தப்பிக்கொள்ள முடியாது. சேர் என்று, மௌலவி என்று, டொக்டர் என்று ஊரில் ஒரு மரியாதை கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதையில் நாம் சொல்லும் ஒரு வரியை ஒரு ஏழைப் பெண் சாட்சியாக எடுத்துக்கொள்கிறாள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தூரத்திலிருந்து வந்தவர்களின் பல கேள்விகளுக்கு ‘தெரியாது’ என்றே பதில் சொன்னார்கள் என்று படித்திருக்கிறோம். மார்க்கக் கடலே தெரியாது என்று சொன்ன இடத்தில், ஒரு கொச்சிக்காய்ப் படத்துக்கு “பூவைப் பார்க்காமல் சொல்ல முடியாது ராத்தா” என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

*

என் கோரிக்கை மூன்றுதான்.

கன்று விற்பவர்களே, குச்சியில் பெயர் எழுதும்போது தாய்ச் செடியின் பூவையும் காயையும் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கேட்டால் காட்டுங்கள். இனம் தெரியாவிட்டால் ‘இனம் தெரியாது, உறைப்பு இவ்வளவு’ என்று எழுதுங்கள். வியாபாரம் குறையாது, கூடும்.

வாங்குபவர்களே, காயின் படத்துக்கு மயங்காதீர்கள். பூவின் படம் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவது, வீட்டிலுள்ள உம்மம்மாமாரிடம் கேளுங்கள். கிணற்றடியில் முன்பு நின்ற அந்த வெள்ளை நிறக் கொச்சிக்காய், அச்சாறுக்கு என்றே வைத்திருந்த அந்தக் குண்டுக் காய் இப்போது எங்கே? சுனாமிக்குப் பிறகு வளவுகள் சுருங்கின, மதில் எழும்பியது, முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதித்தோம். அதோடு அவையும் போய்விட்டன. 2022 நெருக்கடியில் பச்சைக் கொச்சிக்காய் விலையைக் கேட்டுத் திகைத்தபோதுதான் வளவின் ஞாபகம் நமக்கு வந்தது. எங்கோ ஒரு வீட்டில் இன்னும் ஒரு செடி நிற்கும். வெளிநாட்டுப் பைக்கற்றுக்குக் கொடுக்கும் காசில் அதைத் தேடிக் காப்பாற்றலாம். கன்னொறுவையில் தாவர மரபு வளங்களைப் பாதுகாக்கும் அரச நிலையமே இருக்கிறது. ஆனால் விதையைக் கொண்டுபோய்க் கொடுக்க முதலில் அந்தச் செடி உயிரோடு இருக்க வேண்டும்.

பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தியைப் பிள்ளைகள் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் வளவில் பழைய செடி இருந்தால் ஒரு பழுத்த காயை ஒரு கடதாசியில் சுற்றி, யார் வீட்டுச் செடி, எத்தனை வருடமாக நிற்கிறது என்று எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். வளர்த்து, பூவைப் பார்த்து, பிள்ளைகளே இனம் சொல்வார்கள். சொன்னதற்குக் காரணமும் எழுதுவார்கள். காரணம் எழுதாத பெயரை நான் ஏற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒரு சின்ன விசயம். கொச்சிக்காயின் உறைப்பு நமக்கும் எலிக்கும் அணிலுக்கும்தான் தெரியும். குருவிக்குத் தெரியாது. அல்லாஹ் அதன் நாக்கை அப்படிப் படைத்திருக்கிறான். குருவி பழத்தை விழுங்கி, விதையைக் கெடாமல் எச்சத்தோடு எங்கோ போடுகிறது. வேலியோரம் யாரும் நடாமல் முளைத்து நிற்கும் கொச்சியெல்லாம் அப்படி வந்ததுதான். ஒரு முஸ்லிம் நட்டதில் மனிதனோ மிருகமோ பறவையோ தின்றால் அது அவருக்குச் சதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். குருவிக்குப் பெயர் தேவையில்லை, அது ஏமாறவும் இல்லை. மனிதருக்குக் கொடுக்கும்போதுதான் பெயரையும் சரியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த ராத்தாவுக்குக் கண்டியில் இருக்கும் ஒரு நண்பரிடம் அசல் நை மிரிஸ் பழம் எடுத்துக் கொடுத்தேன். காசாகக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார், விதை என்றபடியால் வாங்கிக்கொண்டார். இப்போது மூன்றாவது கிழமை. நேற்றுப் பின்னேரம் போனேன், பதினொரு கன்று முளைத்திருக்கிறது. ஐஸ்பழக் குச்சியில் பெயர் இல்லை, கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

“பூ வந்த பிறகு எழுதுவம் சேர்” என்றார்.